அறிவியல் ஆய்வில் பெண்கள்: வாசலைத் தாண்டிய பிறகு



'அறிவியல் துறையில் பெண்களின் பங்கு' என்ற தலைப்பு இடைநிலைப்பள்ளித் தமிழ் வகுப்பில் ஏதாவது ஒரு வடிவத்தில் வந்துகொண்டே இருக்கும். ஒரு முறை கருத்து விளக்கக் கட்டுரையாக வரும், இன்னொரு முறை விவாதக் கட்டுரையாக அல்லது சொற்பொழிவாக வரும். மாணவர்கள் எழுதுவது பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகிறது. அக்காலத்தில் பெண்கள் அடுப்பங்கரையில் முடங்கிக் கிடந்தார்கள். பிறகு கல்வி கிடைத்தது. இன்று விமானம் ஓட்டுகிறார்கள், விண்வெளிக்குப் போகிறார்கள். ஆகவே பெண்கள் சாதித்துவிட்டார்கள். அதோடு முடிவுரை!

எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இது நம் பாட்டி காலத்துக்கான வாதம். இன்று ஐந்தாம் படிவத்தில் உயிரியலும் வேதியியலும் படிக்கும் நம் மாணவிக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. அவளை யாரும் அடுப்பங்கரையில் பூட்டி வைக்கவில்லை. அவள் கேட்பது வேறு கேள்வி: "டீச்சர், எனக்கு பயோலோஜி ரொம்பப் பிடிக்கும். ஆனா டாக்டர் சீட்டு கிடைக்கலன்னா அப்புறம் சயன்ஸ் படிச்சு என்ன செய்யறது?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போனால் நம் கட்டுரையின் மையக் கருத்தும் கிடைத்துவிடும். மலேசியாவில் அறிவியல் கல்வியின் வாசல் பெண்களுக்குத் திறந்தே இருக்கிறது. உள்ளே போன பிறகு மேலே ஏறும் படிக்கட்டுதான் சிக்கல். இந்த ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

நம் நாட்டு நிலவரம்

யுனெஸ்கோ திரட்டும் புள்ளிவிவரங்களின்படி, உலக அளவில் ஆய்வாளர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான் பெண். தொழில்நுட்பத்தில் முன்னேறிய ஜப்பானில் ஐந்தில் ஒருவர்கூட இல்லை. மலேசியாவிலோ ஆய்வாளர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் பெண்கள். நம் பொதுப் பல்கலைக்கழகங்களில் மாணவிகளே பெரும்பான்மை. 'மலேசியப் பெண்கள் அறிவியலில் பின்தங்கி இருக்கிறார்கள்' என்று எழுதும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எண்ணிக்கையைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது.

சரி, அப்படின்னா பிரச்சனை எங்கே?

இன்னும் இரண்டு தகவல்களைச் சேர்த்துப் பாருங்கள். நம் நாட்டில் வேலை செய்யும் வயதில் உள்ள பெண்களில் சுமார் 56 விழுக்காட்டினரே வேலைச் சந்தையில் இருக்கிறார்கள். ஆண்களில் இது 80 விழுக்காட்டுக்கு மேல். பட்டமளிப்பு விழாவில் பெண்கள்தான் அதிகம், சம்பளப் பட்டியலில் குறைவு என்றால், இடையில் எங்கோ அவர்கள் நின்றுவிடுகிறார்கள் என்று பொருள்.

அடுத்தது பதவி. கோலாலம்பூரிலுள்ள மலாயாப் பல்கலைக்கழகம் 1962இல் தனிப் பல்கலைக்கழகமானது. ஆனால் மலேசியாவில் ஒரு பெண் துணைவேந்தராக வர 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு அதே பல்கலைக்கழகத்தில் ராபியா சலிம் அப்பொறுப்பை ஏற்றார். விரிவுரையாளர் நிலையில் நிறையப் பெண்கள் இருக்கிறார்கள். பேராசிரியர், ஆய்வுக் கழக இயக்குநர் என்று மேலே போகப் போக அந்த விகிதம் குறைகிறது. கட்டுரையில் விளக்க வேண்டிய இடம் இதுதான்.

'ஆய்வு' என்றால் என்ன வேலை?

நம் பெற்றோரில் பலருக்கு அறிவியல் என்றால் மருத்துவர், மருந்தாளர், பொறியியலாளர். அதற்கு அப்பால் இருக்கும் வேலைகளைப் பற்றி வீட்டில் பேச்சே வருவதில்லை. ஆகவே பாதையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எஸ்.பி.எம். முடித்து எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் அல்லது அடித்தளக் கல்வி. பிறகு மூன்று அல்லது நான்கு ஆண்டு இளங்கலைப் பட்டம். அதன்பின் முதுகலை. அடுத்து முனைவர் பட்டம்: குறைந்தது மூன்று ஆண்டு, பலருக்கு நான்கு ஐந்து ஆண்டு ஆகிவிடும். அப்போது வயது 28, 30. பிறகு ஓரிரு ஆண்டுகள் ஒப்பந்த ஆய்வாளராக வேலை, பல நேரங்களில் வெளிநாட்டில். அதன்பிறகே நிரந்தர விரிவுரையாளர் பதவி. அங்கிருந்து முதுநிலை விரிவுரையாளர், இணைப்பேராசிரியர், பேராசிரியர்.

பல்கலைக்கழகம் மட்டும்தான் வழி என்று நினைக்க வேண்டாம். கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி, பிரிக்பீல்ட்ஸ் பக்கத்தில் இருக்கும் கே.எல். சென்ட்ரலில் தடம் மாறி, சிரம்பான் பக்கம் போகும் ரயிலைப் பிடித்தால் செர்டாங், காஜாங், யு.கே.எம்., பாங்கி என்று நிலையங்கள் வரும். செர்டாங் வட்டாரத்தில் புத்ரா பல்கலைக்கழகமும் மார்டி எனப்படும் வேளாண் ஆய்வுக் கழகமும் உள்ளன. பாங்கி வட்டாரத்தில் தேசியப் பல்கலைக்கழகம், மலேசிய செம்பனை வாரியம், அணுசக்தி ஆய்வுக் கழகம். இந்தப் பக்கம் கெப்போங்கில் வன ஆய்வுக் கழகம். ஆக, நாட்டின் முக்கியமான ஆய்வுக்கூடங்களில் பல கிள்ளான் பள்ளத்தாக்குப் பிள்ளைகளுக்கு ஒரு ரயில் பயணத் தூரத்தில்தான் இருக்கின்றன. இங்கெல்லாம் ஆய்வு அதிகாரி, ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர், தர ஆய்வாளர், தரவுப் பகுப்பாய்வாளர் எனப் பல வேலைகள் உண்டு. அறிவியலைப் பொதுமக்களுக்கு எடுத்துச் சொல்வது, கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை வாங்கித் தருவது, உணவுப் பாதுகாப்பு விதிகளை வரைவது ஆகியவையும் அறிவியல் படித்தவர்கள் செய்யும் வேலைதான்.

மூன்று காலம், மூன்று தடை

பெண்களுக்கு வந்த தடைகள் காலத்துக்குக் காலம் இடம் மாறியிருக்கின்றன. அதைக் காட்ட உண்மை வாழ்க்கைகளைப் பார்ப்போம்.

முதல் தடை வாசலில் இருந்தது. கமலா சோஹோனி பம்பாயில் இளங்கலைத் தேர்வில் முதலிடம் பெற்றவர். 1933இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஆய்வு செய்ய விண்ணப்பித்தார். அப்போது அதன் இயக்குநர் சர் சி.வி. இராமன். நோபல் பரிசு வென்ற தமிழர், நாம் பெருமையோடு பாடநூலில் படிக்கும் அதே இராமன், பெண் என்ற காரணத்தால் அவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்தார். கமலா விடவில்லை. விடாப்பிடியாக நின்று கேட்டபோது, ஓராண்டு சோதனைக் காலம் உள்ளிட்ட நிபந்தனைகளோடு இடம் கிடைத்தது. அவருடைய உழைப்பைப் பார்த்த பிறகு அக்கழகம் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியது. கமலா 1939இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். அறிவியலில் அப்பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். இராமனின் அறிவியல் பெரியது. அவருடைய அந்த மறுப்பும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மையான கட்டுரை.

இரண்டாம் தடை சான்றிதழில் இருந்தது. அன்னா மாணி சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1940இல் இராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளியியல் தன்மைகளை ஆராய்ந்தார். ஐந்து ஆய்வுக் கட்டுரைகளைத் தனியாக எழுதினார். 1945இல் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் ஆய்வேட்டையும் கொடுத்தார். ஆனால் அவரிடம் முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லி முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. வேலை முழுவதும் செய்து முடித்த பின் கையில் ஒரு தாள் இல்லை! பிறகு அவர் இங்கிலாந்து சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிப் படித்தார். 1948இல் திரும்பி வந்து இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, அந்நாட்டிலேயே வானிலைக் கருவிகள் தயாராவதற்கு அடித்தளம் போட்டார். 1976இல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார். கடைசி வரை அவருக்கு முனைவர் பட்டம் இல்லை.

மூன்றாம் தடை படிக்கட்டில் இருக்கிறது. இதற்கு உதாரணம் தேட வெகுகாலம் பின்னால் போக வேண்டியதில்லை. 2018இல் கனடாவின் டோனா ஸ்ட்ரிக்லண்ட் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார். மேரி கியூரி 1903, மரியா கோப்பெர்ட் மேயர் 1963, அடுத்து இவர். செய்தி வந்த அன்று உலகம் கவனித்த இன்னொன்று, அவர் அப்போதும் இணைப்பேராசிரியராகவே இருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, தான் பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கவே இல்லை என்று சாதாரணமாகச் சொன்னார். மாணவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். யாரும் தடுக்காவிட்டாலும் சிலர் படி ஏறக் கேட்பதில்லை, அருகில் இருப்பவர்களும் "ஏன் இன்னும் போடலை?" என்று கேட்பதில்லை.

கட்டலின் கரிக்கோவின் கதை இன்னும் கடினமானது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்தவர். எம்.ஆர்.என்.ஏ. மூலக்கூற்றை மருந்தாகப் பயன்படுத்தலாம் என்று நம்பினார். அதை நம்பி மானியம் தர ஆளில்லை. மானியம் இல்லாததால் 1995இல் பல்கலைக்கழகத்தில் அவர் பதவி இறக்கப்பட்டார். ஆனாலும் ஆய்வை விடவில்லை. கோவிட்-19 காலத்தில் நம்மில் பலர் போட்டுக்கொண்ட ஃபைசர் தடுப்பூசிக்கு அவரும் துரூ வைஸ்மனும் செய்த ஆய்வுதான் அடிப்படை. 2023இல் இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இது பெண்களுக்கு மட்டுமே நேரும் துன்பம் என்று எழுதிவிடக் கூடாது. மானியம் கிடைக்காமல் வாடும் ஆண்களும் உண்டு. ஆனால் பிடிமானம் குறைவாக உள்ள படியில் யார் அதிகமாக நிற்கிறார்களோ, அவர்கள்தான் முதலில் சறுக்குவார்கள்.

படி ஏன் சறுக்குகிறது?

காரணங்களைத் தனித்தனியாகப் பார்ப்போம். கட்டுரையில் ஒவ்வொன்றும் ஒரு பத்தியாகும்.

முதல் காரணம் வயது. முனைவர் பட்டம், ஒப்பந்த ஆய்வு, முதல் பதவி உயர்வு ஆகிய மூன்றும் 26 முதல் 38 வயதுக்குள் வருகின்றன. திருமணம், பிள்ளைப்பேறு, வயதான பெற்றோரைக் கவனிப்பது ஆகியவையும் அதே ஆண்டுகளில்தான். ஆணுக்கும் அதே வயதுதான், ஆனால் வீட்டு வேலை சமமாகப் பங்கிடப்படுவதில்லை. ஆய்வுக்கூட வேலைக்கு அலுவலக நேரம் கிடையாது. வளர்க்கும் உயிரணுக்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று தெரியுமா? இரவு ஒன்பது மணிக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்றால் போகத்தான் வேண்டும். "இந்த நேரத்துல எங்கே கிளம்பிட்ட?" என்ற கேள்வி மகனைவிட மகளிடம்தான் அதிகம் கேட்கப்படுகிறது.

இரண்டாவது காரணம் அளவுகோல். விரிவுரையாளரின் உயர்வு பெரும்பாலும் கே.பி.ஐ. எனப்படும் அடைவுக் குறியீட்டால் முடிவாகிறது. எத்தனை ஆய்வுக் கட்டுரை, எவ்வளவு மானியம், எத்தனை ஆய்வு மாணவர்கள் என்று கணக்கு. கர்ப்பம், பிரசவம் என்று ஓராண்டு வேகம் குறைந்தால், அதன் விளைவு அடுத்த ஓராண்டோடு முடிவதில்லை. கட்டுரை குறைந்தால் மானியம் குறையும். மானியம் குறைந்தால் மாணவர் குறைவர். மாணவர் குறைந்தால் மறுபடியும் கட்டுரை குறையும். ஒரு படி தவறினால் அடுத்த மூன்று படியும் ஆட்டம் காணும்.

மூன்றாவது, கணக்கில் வராத வேலை. அழுதுகொண்டு வரும் மாணவிக்கு ஆறுதல் சொல்வது, நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்வது, செயற்குழுவில் குறிப்பெடுப்பது போன்றவை பெண் விரிவுரையாளரிடம் எளிதாகப் போய்ச் சேர்கின்றன. எல்லாம் தேவையான வேலைதான். கே.பி.ஐ. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை, அல்லது மிகச் சிறிய கட்டம். பள்ளி ஆசிரியர்களாகிய நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை!

நான்காவது, இடம் மாறுதல். ஆய்வுத் துறையில் வெளிநாட்டு அனுபவத்துக்கு மதிப்பு அதிகம். கணவனுக்கு வாய்ப்பு வந்தால் குடும்பம் கிளம்புகிறது. மனைவிக்கு வந்தால் குடும்பக் கூட்டம் நடக்கிறது.

ஐந்தாவது, பாதுகாப்பு. ஆய்வு மாணவியின் எதிர்காலம் பெருமளவு ஒரே ஒரு நெறியாளரின் கையில் இருக்கிறது. பரிந்துரைக் கடிதம் அவர் தர வேண்டும், ஆய்வேட்டுக்கு அவர் ஒப்புதல் வேண்டும். அத்தகைய உறவில் தொல்லை நேர்ந்தால் வாய் திறப்பது எளிதல்ல. மலேசியாவில் 2022இல் பாலியல் தொல்லை தடுப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டதற்கு இத்தகைய அதிகார உறவுகளும் ஒரு காரணம். இப்போது புகார் செய்யத் தனி நடுவர் மன்றம் உண்டு என்பதை மாணவிகள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

நம் அருகில் படி ஏறியவர்கள்

உதாரணம் என்றால் கல்பனா சாவ்லாவை மட்டும் எழுதுவது வழக்கமாகிவிட்டது. நம் நாட்டிலேயே, அதுவும் நம் வட்டாரத்திலேயே எழுதத்தக்கவர்கள் இருக்கிறார்கள்.

மஸ்லான் ஒத்மான் சிரம்பானில் பிறந்தவர். 1981இல் நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, நாட்டின் முதல் வானியற்பியலாளர் ஆனார். தேசியப் பல்கலைக்கழகத்தில் அத்துறைக்குப் பாடத்திட்டம் வகுத்தார். நாம் பள்ளிச் சுற்றுலாவாகப் பிள்ளைகளை அழைத்துப் போகும் தேசியக் கோளரங்கத்தை உருவாக்குவதில் முன்னின்றவர் இவரே. பின்னர் தேசிய விண்வெளி நிறுவனத்துக்கும், ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் விண்வெளி விவகார அலுவலகத்துக்கும் தலைமை தாங்கினார்.

அஸ்மா இஸ்மாயில் டைபாய்டு காய்ச்சலை விரைவாகக் கண்டறியும் 'டைபிடாட்' சோதனையை உருவாக்கிய ஆய்வாளர். 2016இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் துணைவேந்தரானார்.

அடுத்தவரை நம் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி மலேசிய செம்பனை வாரியத்தின் விஞ்ஞானி. அங்குள்ள உயிரியல் தொழில்நுட்ப ஆய்வு மையத்தின் இயக்குநராகவும் இருந்தவர். 2013 ஜூலையில் 'நேச்சர்' ஆய்விதழில் செம்பனையின் முழு மரபணுத் தொகுதியைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. அந்த ஆய்வை முன்னின்று நடத்தியவர்களில் இவரும் ஒருவர். அதோடு வந்த இன்னொரு கட்டுரை, பழத்துக்குள் இருக்கும் ஓட்டின் தடிப்பைத் தீர்மானிக்கும் மரபணுவை அடையாளம் காட்டியது. ஓடு மெல்லியதாக இருந்தால் சதை அதிகம், எண்ணெயும் அதிகம். முன்பெல்லாம் கன்றை நட்டு, அது காய்க்கும் வரை பல ஆண்டு காத்திருந்துதான் எந்த வகை என்று தெரிந்துகொள்ள முடியும். இப்போது கன்றாக இருக்கும்போதே சோதித்துச் சொல்லலாம். ஒரே நிலத்தில் கூடுதல் எண்ணெய் கிடைத்தால், காட்டை அழித்துப் புதிய தோட்டம் போட வேண்டிய நெருக்கடியும் குறையும்.

நம் பாட்டிமார் பலர் தோட்டங்களில் பால் வெட்டினார்கள், உதிர்ந்த செம்பனைப் பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் சேர்த்தார்கள். அந்தப் பழத்தின் மரபணுவைப் படித்தவர்களின் பட்டியலில் நம் பெயர் ஒன்று இருக்கிறது. இதை வகுப்பில் சொல்லிப் பாருங்கள். பின்வரிசைப் பிள்ளைகளும் நிமிர்ந்து கேட்பார்கள்.

இன்னொருவர் மகாலெட்சுமி அருஜனன். ஆய்வுக்கூடத்துக்கு வெளியேயும் அறிவியல் வாழ்க்கை உண்டு என்பதற்கு இவர் சான்று. மலேசிய உயிரியல் தொழில்நுட்பத் தகவல் மையத்தை வழிநடத்தியவர். அறிவியலை மக்களிடம் கொண்டு போவதற்காகவே 'தி பெட்ரி டிஷ்' என்ற செய்தித்தாளைத் தொடங்கினார்.

எது மாறியிருக்கிறது, எது மாறவில்லை?

2023 ஜனவரி 1 முதல், வேலைச் சட்டத்தின் கீழ் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. தந்தையருக்கு ஏழு நாள் விடுப்பு உண்டு. நெகிழ்வான வேலை நேரம் கேட்டு விண்ணப்பிக்கும் உரிமையும் வந்திருக்கிறது. பெண் விஞ்ஞானிகளுக்காக லோரியல்-யுனெஸ்கோ நிதியுதவி மலேசியாவில் 2006 முதல் வழங்கப்படுகிறது. பிப்ரவரி 11ஆம் நாளை அறிவியலில் பெண்கள் மற்றும் சிறுமியருக்கான அனைத்துலக நாளாக ஐக்கிய நாட்டு நிறுவனம் 2015இல் அறிவித்தது.

இவை நல்ல மாற்றங்கள். ஆனால் கூர்ந்து பார்த்தால் இடைவெளி தெரியும். 98 நாளும் ஏழு நாளும் ஒன்றல்ல. சட்டமே 'பிள்ளை வளர்ப்பு தாயின் வேலை' என்று கருதுவதைப் போல இருக்கிறது. மேலும், வேலைச் சட்டம் ஊழியருக்கானது. உதவித்தொகையில் படிக்கும் ஆய்வு மாணவி ஊழியர் அல்லர். அவள் கருவுற்றால் பல்கலைக்கழக விதிகளின்படி பருவத்தை ஒத்திவைக்கக் கேட்க வேண்டும். அப்போது உதவித்தொகை தொடருமா என்பதை ஒப்பந்தத்தைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் படிக்க வேண்டிய பகுதி இது.

கட்டுரையில் வாதத்தை எப்படி அமைப்பது?

விவாதக் கட்டுரையில் எதிர்க்கருத்தை மறைக்கக் கூடாது. "பெண்கள் விருப்பப்பட்டுத்தான் வேலையை விடுகிறார்கள், இதில் என்ன அநீதி?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். குடும்பத்தைக் கவனிக்க விரும்பி விடுபவர்களும் உண்டு, அந்த முடிவை மதிக்க வேண்டும். ஆனால் குழந்தைக் காப்பகம் தூரத்தில், வீட்டு வேலை ஒருவர் தலையில், ஒப்பந்தம் ஓராண்டுக்கு என்ற நிலையில் எடுக்கும் முடிவை முழு விருப்பம் என்று சொல்லிவிட முடியுமா? இப்படி எதிர்க்கருத்தை ஏற்று, பிறகு அதன் எல்லையைக் காட்டினால் வாதம் வலுப்பெறும்.

மாதிரிப் பத்தி ஒன்று:

"மலேசியாவில் ஆய்வாளர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் பெண்கள் என்பது பெருமைக்குரியது. எனினும், உயர்பதவிகளில் அவ்விகிதம் காணப்படவில்லை. முனைவர் பட்டமும் முதல் பதவி உயர்வும் வரும் அதே வயதில்தான் பிள்ளைப்பேறும் குடும்பப் பொறுப்பும் வந்து சேர்கின்றன. அவ்வேளையில் குறையும் ஆய்வு வேகம், அடைவுக் குறியீட்டால் மட்டுமே மதிப்பிடப்படும் அமைப்பில், நிரந்தரப் பின்னடைவாக மாறிவிடுகிறது. ஆகவே, பெண்களைப் பல்கலைக்கழகத்தில் சேர்ப்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. அவர்கள் தொடர்ந்து முன்னேறுவதற்கான சூழலையும் உருவாக்க வேண்டும்."

கவனியுங்கள்: முதல் வாக்கியம் உண்மை நிலை, இரண்டாவது சிக்கல், அடுத்த இரண்டும் காரணம், கடைசியில் முடிவு. 'பெண்கள் நாட்டின் கண்கள்' போன்ற தொடர் ஒன்றுகூட இல்லாமலே பத்தி நிறைவு பெறுகிறது.

பயன்படும் சொற்கள்:

• மரபணுத் தொகுதி – ஓர் உயிரியின் எல்லா மரபுச் செய்திகளின் முழுத் தொகுப்பு
• ஆய்வேடு – பட்டத்துக்காக எழுதிச் சமர்ப்பிக்கும் ஆராய்ச்சி நூல்
• நெறியாளர் – ஆய்வு மாணவரை வழிநடத்தும் பேராசிரியர்
• ஆய்வு மானியம் – ஆராய்ச்சிச் செலவுக்கு அரசும் நிறுவனங்களும் தரும் நிதி
• அடைவுக் குறியீடு – வேலைத் திறனை அளக்கும் கணக்கு
• வானியற்பியல் – விண்பொருள்களின் இயல்பை ஆராயும் இயற்பியல் பிரிவு

ஆசிரியர்கள் செய்யக்கூடியவை

நாம் தமிழாசிரியர்கள், அறிவியல் வழிகாட்டுதல் நம் வேலையா என்று தோன்றலாம். ஆனால் தமிழ் வகுப்பில்தான் பிள்ளை தன் வீட்டைப் பற்றியும் தன் ஆசையைப் பற்றியும் எழுதுகிறது. அதை முதலில் படிப்பவர்கள் நாம். 'ஆராய்ச்சியாளராக விரும்புகிறேன்' என்று ஒரு மாணவி எழுதினால், எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டு அப்படியே அடுத்த தாளுக்குப் போய்விட வேண்டாம். "எந்தத் துறைம்மா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பல்கலைக்கழகங்களும் ஆய்வுக் கழகங்களும் பொதுமக்களுக்காக நடத்தும் திறந்த நாள்களுக்குப் பிள்ளைகளை அனுப்பப் பாருங்கள். பெற்றோர் சந்திப்பில், மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைக்கவில்லை என்றால் அறிவியலே போச்சு என்று கலங்கும் அம்மாவிடம், மேலே சொன்ன ரயில் பாதையைச் சொல்லுங்கள்.

அதே நேரத்தில் பாதை சுலபம் என்று பொய் சொல்லவும் வேண்டாம். ஆண்டுகள் அதிகம், தொடக்கச் சம்பளம் சுமார், ஒப்பந்த வேலை நிச்சயமற்றது. இதையெல்லாம் 17 வயதிலேயே தெரிந்துகொண்டு போகிற பெண், 30 வயதில் படி ஆடும்போது 'குறை என்னிடம்தான்' என்று நினைத்து இறங்கிவிட மாட்டாள். யாரிடம் உதவி கேட்பது, எந்த விதியைக் காட்டுவது, எப்போது விண்ணப்பிப்பது என்று யோசிப்பாள்.

வகுப்பில் கலந்துரையாடச் சில கேள்விகள்:

1. கமலா சோஹோனி, அன்னா மாணி, டோனா ஸ்ட்ரிக்லண்ட் ஆகிய மூவரும் சந்தித்த தடைகள் எவ்வாறு வேறுபடுகின்றன?
2. தந்தையர் விடுப்பு நீட்டிக்கப்பட்டால் பெண் ஆய்வாளரின் நிலையில் என்ன மாற்றம் வரும்? உம் கருத்தைக் காரணத்தோடு விளக்குக.
3. 'திறமை இருந்தால் போதும், யாரும் உயரலாம்.' இக்கூற்றை ஒட்டியோ வெட்டியோ வாதிடுக.
4. உங்கள் வீட்டில் ஒரு வாரம் யார் யார் எந்தெந்த வேலை செய்கிறார்கள் என்று அட்டவணை தயாரித்து, அதை வைத்து ஒரு பத்தி எழுதுக.

நான்காம் கேள்வியை மாணவர்களுக்கும் மாணவிகளுக்கும் சேர்த்தே கொடுங்கள். அட்டவணையை வீட்டில் காட்டிக் கையெழுத்து வாங்கி வரச் சொன்னால் இன்னும் நல்லது.